ஒன்பதாம் வகுப்பு இருந்த அறை

என் தங்கை எட்டாம் வகுப்பில் இருந்த வருஷம், அவள் படித்த விடுதிப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு கிடையாது. ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, கன்னியர்கள் நடத்திய பெண்கள் பள்ளி. சுற்றுப்பட்டு ஊர்களில் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்க வேறு இடம் இல்லை. எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள் பாதி, மற்ற விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் பாதி. எட்டாவது பரீட்சை முடிந்த அன்று சாயங்காலமே வாசலில் மாட்டு வண்டிகள் வந்து நிற்கும். டிரங்குப் பெட்டிகள் ஏறும். பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுவார்கள். அதன் பிறகு அவர்களில் பெரும்பாலோரைப் பற்றி வரும் அடுத்த செய்தி கல்யாணச் செய்திதான்.

ஒன்பதாம் வகுப்பைக் கொண்டுவர நிதி திரட்டியவர்களில் நானும் ஒருவன். அது வந்தது. என் தங்கை மட்டும் அதில் படிக்கவில்லை. அதற்குக் காரணம் நான். இதை வேறு விதமாகவும் சொல்லலாம். அந்தக் காலம் அப்படி, எங்கள் உறவுமுறை அப்படி என்றெல்லாம் பல வருஷங்கள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவள் இறந்துபோன பிறகு அந்தச் சமாதானங்கள் எதுவும் நிற்கவில்லை.

நான் அப்போது பி.ஏ. முடித்துவிட்டுச் சேலத்தில் ஓர் ஆண்கள் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அப்பாவுக்கு மானாவாரிக் கடலைக் காடு. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பார்க்க விடும் நாளில் அவருக்குப் பதிலாக நான்தான் போவேன். செவ்வாய்ப்பேட்டையில் பொரிகடலை உருண்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். பள்ளி வளாகத்தின் கிழக்கு மூலையில் பெரிய வாகை மரம் ஒன்று உண்டு. கோடையில் அதன் காய்ந்த நெற்றுகள் சின்னக் காற்றுக்கும் சலசலக்கும். அதனடியில்தான் எங்கள் சந்திப்பு. அவள் ஓடிவந்து முதலில் உருண்டைப் பொட்டலத்தைப் பிடுங்குவாள். அடுத்தது என் பையைத் துழாவுவாள், புதுப் புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று.

ஒருமுறை என்னுடைய பழைய அல்ஜீப்ரா புத்தகத்தை எடுத்துப் போயிருந்தாள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது பாடமே இல்லை. அடுத்த மாதம் போனபோது மரத்தடியில் உட்கார்ந்து சண்டைக்கு வந்தாள்.

"ஏண்ணா, இந்த எக்ஸு எதுக்கு?"

"தெரியாத எண்ணுக்கு அப்படி ஒரு பேரு."

"தெரியாதுன்னா தெரியாதுன்னு எழுதோணும். நானெல்லாம் பரீட்சையில எக்ஸுன்னு எழுதி வெச்சா சிஸ்டரு முட்டி போட வெச்சிரும். உனக்கு மட்டும் பி.ஏ. குடுத்துட்டாங்களாக்கும்."

சொல்லிவிட்டு அந்தப் பாடத்தின் கணக்குகளை எல்லாம் போட்டு வைத்திருந்த தாளைக் காட்டினாள். இரண்டு கணக்கில் என்னைவிட நேரான வழியில் போயிருந்தாள். நான் அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அந்த வருஷம்தான் பள்ளியின் விண்ணப்பத்துக்குக் கல்வி இலாகாவிலிருந்து பதில் வந்தது. உயர்நிலைப் பள்ளியாக்கலாம், ஆனால் புதிய வகுப்பறைகள் நிற்க வேண்டும், அதோடு பள்ளியின் பெயரில் ஒரு தொகை வங்கியில் நிரந்தரமாகக் கிடக்க வேண்டும், ஜூன் மாதத்துக்கு முன். சுவர்களை எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த மக்கள் தங்கள் கையாலேயே எழுப்பிவிட்டார்கள். சிக்கல் வைப்புத் தொகைதான். பள்ளித் தலைவியான கன்னியர், நாங்கள் 'மதர்' என்று கூப்பிடுவோம், திருச்சிப் பக்கத்துக்காரர், பங்குச் சாமியாரையும் எங்களில் சிலரையும் கூப்பிட்டு உட்கார வைத்து இதைச் சொன்னார். "ஜூன்ல ஒன்பதாவது திறக்கலேன்னா இந்த எட்டாவதுப் பிள்ளைங்க ஒண்ணும் திரும்பி வராது. அடுத்த வருஷம் திறந்து எனக்கென்ன?" என்றார். நான் என் தங்கையை நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து சனி, ஞாயிறு எனக்கு வேறு வேலை இல்லை.

பங்கில் இருந்த பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு கை அரிசியோ கம்போ தனிப்பானையில் போட்டு வைத்து, ஞாயிறு பூசைக்குக் கொண்டுவந்து கொட்டினார்கள். கடலை வைத்திருந்தவர்கள் களத்திலேயே ஒரு பங்கு ஒதுக்கினார்கள். விடுதிப் பிள்ளைகள் நாடகம் போட்டார்கள். நாடகத்தின் நடுவில் அரசனின் ஒட்டுமீசை விழுந்துவிட்டதால் அதை மறுநாளும் போடச் சொல்லி ஊர்க்காரர்கள் காசு கொடுத்தார்கள். நானும் மதரும் இன்னொரு சிஸ்டரும் செவ்வாய்ப்பேட்டையில் கடை கடையாக ஏறினோம். ஒரு மளிகைக்கடைக்காரர் தராசை நிறுத்தாமலே கேட்டார்.

"ஏனுங் மதரம்மா, பொட்டப்புள்ளைக்கு எட்டாவதே சாஸ்திங்க. ஒம்பதாவது படிச்சு என்ன, கலெக்டராயிருமா?"

"ஆகட்டுமே. அப்ப உங்க கடை லைசென்சுக்கு அதுதான் கையெழுத்துப் போடணும். இப்பவே நல்ல பேரு வாங்கி வச்சுக்குங்க."

கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கல்லாவைத் திறந்தார். மதரோடு நடந்த அந்த வெயில் நாட்கள் என் வாழ்க்கையில் நான் நல்லவனாக இருந்த நாட்கள் என்று இன்றும் நினைக்கிறேன்.

மீதியைப் பங்குத் திருவிழா ஏலத்தில் எடுத்துவிடலாம் என்பது எல்லோருடைய நம்பிக்கை. திருவிழா அன்று தேர் நிலைக்கு வந்து பூசை முடிந்ததும், காணிக்கையாக வந்த பொருள்களைக் கோயில் முன்பந்தலில் ஏலம் விடுவது வழக்கம். சேவல், பூசணி, தென்னங்கன்று, ஆட்டுக்குட்டி. எடுப்பவர்கள் பொருளுக்காக எடுப்பதில்லை. எடுத்தவர் அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார், அது மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரே சேவல் நான்கைந்து முறை விலைபோகும். திருப்பிக் கொடுப்பதுதான் மரியாதை. அந்த வருஷம் விடுதிப் பிள்ளைகளின் தையல் வேலைகளையும் சேர்த்து வைப்பதென்று முடிவாயிற்று: தலையணை உறைகள், கைக்குட்டைகள், மேசை விரிப்புகள்.

பிள்ளைகள் எல்லாம் ரோஜாவும் கிளியும் போட்டார்கள். என் தங்கை தன் மேசை விரிப்பில் கடலைச்செடி போட்டாள். நான்கு ஓரத்திலும் இலை, மஞ்சள் பூ, அதற்குக் கீழே ஒரு கோடு மண், மண்ணுக்குள்ளே கொத்துக் கொத்தாகக் காய். தையல் சிஸ்டர் முதலில் பிரித்துவிட்டு ரோஜா போடச் சொன்னாராம். "சிஸ்டர், ரோசாவ நான் பாத்ததே இல்லீங்க, இத தினம் பாக்கறனுங்க" என்றாளாம். மதர் பார்த்துவிட்டு இருக்கட்டும் என்றிருக்கிறார்.

வழக்கமாக ஏலம் கூறும் கோயில் உபதேசியாருக்கு அந்த வருஷம் தொண்டை கட்டிக்கொண்டது. எனக்கு நல்ல குரல்; மேடைக் கூச்சம் இல்லை. என்னைக் கூறச் சொன்னார்கள். திருவிழாவுக்கு முந்தின நாள் மதர் என்னிடம் ஒன்றுதான் சொன்னார். "தையல் சாமான் எது எந்தப் பிள்ளை போட்டதுன்னு சொல்ல வேணாம். பிள்ளைங்க பேரு பந்தல்ல வரக்கூடாது." சரி மதர் என்றேன்.

ஏலம் சரியாகப் போகவில்லை. மழை பொய்த்த வருஷம். சேவல் நான்காவது முறை வந்தபோது யாரோ பின்னாலிருந்து, "அந்தச் சாவல உட்ருங்க சாமி, ஒவ்வொருத்தர் கக்கத்துலயும் போயிட்டு வந்து அதுக்கே கிறுகிறுங்குது" என்றார்கள். சிரிப்பு வந்தது, காசு வரவில்லை. தலையணை உறைகள் ஒரு ரூபாய், ஒன்றரை ரூபாய் என்று போயின. பந்தலின் இடது பக்கம் கயிறு கட்டி விடுதிப் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள். என் தங்கை முன்வரிசையில் இருந்தாள். வைப்புத் தொகைக்கு இன்னும் எவ்வளவு குறைகிறது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கூட்டிக் கழித்து வைத்திருப்பாள்.

கடலைச்செடி விரிப்பை எடுத்து விரித்துப் பிடித்தேன். செவ்வாய்ப்பேட்டைக் கடலை மண்டிக்காரர் ஒருவர், தன் மகளையும் எங்கள் பள்ளியில் சேர்த்திருந்தவர், முன்னால் உட்கார்ந்திருந்தார். "கடலச்செடிக்கு மண்டிக்காரன் கேக்காம வேற ஆரு கேக்கறதுங்க? அஞ்சு ரூவா!" என்றார். யாரோ ஏழு என்றார்கள். அவர் பத்து என்றார். அதோடு நின்றது.

அவருக்கு இரண்டு ஆள் தள்ளி என் தாய்மாமன் உட்கார்ந்திருந்தார். அம்மாவின் அண்ணன். எண்ணெய்ச் செக்குகள் வைத்திருந்தார்; புதிதாக ஒரு லாரியும் வாங்கியிருந்தார். அவருக்கும் மண்டிக்காரருக்கும் கடலை விலையில் எப்போதும் ஒரு இழுபறி. மாமாவுக்கு ஒரு மகன். எங்கள் வழக்கத்தில் என் தங்கைக்கு அவன்தான் முறை மாப்பிள்ளை. அதுவரை யாரும் அதைப் பேச்சில் எடுத்ததில்லை. அப்பா அவளைப் படிக்கவிட்டதால் மாமாவும் பேசாமல் இருந்தார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் பிறந்த எவனுக்கும் தெரியும். முறைப்பெண் கைபட்ட பொருளை நாலு பேர் நடுவில் வேறொருவன் எடுத்துப்போக எந்தத் தாய்மாமனும் விடமாட்டான். அந்த நிமிஷம் நான் அதை விலை ஏற்றும் வழியாக மட்டும் பார்த்தேன்.

"மாமா, மண்டிக்காரரு கொண்டுபோறாருங்க. உங்க தங்கச்சி மக போட்டதுங்க இது" என்று சொல்லி, என் தங்கையின் பெயரைச் சொன்னேன். நல்ல குரலில், பந்தலின் கடைசிவரை கேட்கும்படி. அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. ஒருமுறை அதைக் கூறியதே போதும்.

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. "அட, தாய்மாமன் சும்மா உக்காந்திருக்காரு பாரு!" என்றது ஒரு குரல்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "இருவத்தஞ்சு."

"அம்பது," என்றார் மண்டிக்காரர். "ஏனுங், செக்குக்குக் கடல வாங்கறப்ப யோசிக்கற மாரி யோசிக்காதீங்க. வெரசாக் கேளுங்க."

"நூறு. எடக்கல்லத் திருத்தி நிறுக்கறவிங்களுக்கு இங்க வேல இல்லீங்க."

பந்தலே சிரித்தது. நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக் கூறிக்கொண்டே போனேன். அப்படி ஒரு குரல் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் என் தங்கையை இடித்து இடித்துச் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டே ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். தான் போட்ட கடலைச்செடி இவ்வளவு போகிறதே என்ற சந்தோஷம் அந்தப் பார்வையில் இருந்தது. நான் கண்ணை மூடினால் இன்றும் முதலில் வருவது அந்தப் பார்வைதான்.

மாமா ஐந்நூற்று ஒன்று என்றபோது மண்டிக்காரர் இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டார். "தாய்மாமன் கிட்ட மோதக்கூடாதுங்க. எடுத்துக்குங்க." ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்றேன். கைதட்டல். வைப்புத் தொகை ஏறக்குறைய நிரம்பிவிட்டது. சாமியார் எழுந்து நின்றே கைதட்டினார்.

மாமா மேடைக்கு வந்து விரிப்பை வாங்கினார். திருப்பிக் கொடுப்பார் என்று நான் கையை நீட்டியபடியே நின்றேன். அவர் அதை அழகாக மடித்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அந்த இடத்தில் விரிப்பைப் போட்டுக்கொண்டார். கூட்டத்தின் நடுவே நடந்து என் அப்பா உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனார்.

பிள்ளைகளின் பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது. நான் புரிந்துகொள்வதற்கு முன்பே அந்தப் பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள்.

"மாப்ள," என்றார் மாமா, எல்லோருக்கும் கேட்க. "எத்தினி வருசமா நானு வாயத் தொறந்து கேக்குல. புள்ள படிக்குது, படிக்கட்டும்னு இருந்தேன். இன்னிக்கு உங்க பையனே சபையில கூப்புட்டுக் குடுத்துட்டான். ஊரே பாத்துச்சு. துணி வந்துருச்சு. புள்ளையும் எங்கூட்டுக்கு வரோணும்."

அப்பா என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல. படித்த மகன், யோசித்துத்தான் செய்திருப்பான் என்ற பார்வை. "பையன் சொன்னா சரித்தானுங்க மச்சான்" என்றார். அம்மா அழுதாள், அவளுக்கு அது சந்தோஷ அழுகை. அண்ணன் வீட்டில் மகளைக் கொடுக்க வேண்டுமென்று அவளுக்கு எப்போதும் ஆசை இருந்திருக்கிறது. அதை யாரும் கேட்டதில்லை.

மாமாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் எங்கள் வழக்கம் சொன்னபடி நடந்தார். பெண்ணின் அண்ணன் சபையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அதற்கு என்ன அர்த்தமோ அதை எடுத்துக்கொண்டார். ஆனால் நடந்தது அத்தோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த வாரம் மதர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பேர் சொன்னதற்குத் திட்டுவார் என்று போனேன். திட்டவில்லை. மேசைமேல் மாமா கொடுத்த பணம் ஒரு மஞ்சள் துணிப் பையில் இருந்தது.

"உங்க மாமா ஏலத்துல எடுத்ததை வச்சுப் பொண்ணு கேக்கறாரு. நான் இந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துடறேன். ஏலம் செல்லாது, பிள்ளைங்க பேரு சொல்லக்கூடாதுன்னு மடத்து விதி, கூறினவர் மீறிட்டாருன்னு நானே வந்து சொல்றேன். விரிப்பு திரும்பி வந்துடும். பேச்சும் அதோட போயிடும்."

"பணம் குறையுமே, மதர். ஒன்பதாவது?"

"அதை நான் பாத்துக்கறேன். வேற எங்கேயாவது கையேந்தறேன். கிடைக்கலேன்னா கிடைக்கலே." என்னை நேராகப் பார்த்தார். "தங்கச்சியைக் கேட்டியா? அவளுக்குச் சம்மதமா?"

நான் அவளைக் கேட்டிருக்கவில்லை. திருவிழாவுக்குப் பிறகு அவளைத் தனியாகப் பார்க்கவே இல்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

"கேட்டேன், மதர். அவளுக்கும் சம்மதம்தான்" என்றேன்.

ஏன் சொன்னேன்? பள்ளிக்காக என்று அப்போது நினைத்தேன். அத்தனை பிள்ளைகளின் ஒன்பதாம் வகுப்பு ஒரு பக்கம், என் தங்கை ஒரு பக்கம் என்று பெரிய மனதோடு நிறுத்துப் பார்த்ததாக எனக்கே ஒரு பாவனை. உண்மை அவ்வளவு பெரிதல்ல. ஏலம் செல்லாது என்று மதர் வந்து சொன்னால், விதியை மீறியவன் நான் என்று ஊருக்குத் தெரியும். முந்தின ஞாயிறுதான் சாமியார் பூசையில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டியிருந்தார். அதை இழக்க எனக்கு மனமில்லை. மதர் பையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். மடத்தை விட்டு வரும்போது பிள்ளைகள் வரிசையாகக் கிணற்றடிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவளும் அதில் இருந்தாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். வாகை மரத்தடிக்கு வரச் சொல்லி ஜாடை காட்டினாள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஜாடையிலேயே பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எட்டாவது பரீட்சை முடிந்ததும் அப்பா வண்டி கொண்டுபோய் அவளைக் கூட்டிவந்தார். ஜூனில் ஒன்பதாம் வகுப்பு திறந்தது. அவளோடு எட்டாவது முடித்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் திரும்பி வந்து சேர்ந்தார்கள். திறப்பு நாளுக்கு எனக்கு அழைப்பு வந்தது; காய்ச்சல் என்று போகவில்லை.

அந்த மாதக் கடைசியில் வீட்டுக்குப் போனேன். அவள் முற்றத்தில் உட்கார்ந்து விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். தோலை ஊதித் தள்ளிவிட்டு, தலை நிமிராமலே கேட்டாள்.

"ஒம்பதாவது எந்த ரூம்புல வெச்சிருக்காங்கண்ணா?"

எனக்குத் தெரியாது. போகவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"வாகை மரத்துக்குப் பக்கத்து ரூம்."

"சன்னல் மரத்தப் பாத்தாப்பல இருக்குதா?"

"ஆமா."

"அப்ப நெத்து சத்தம் கேக்கும்" என்றாள். பிறகு கடலையை உடைக்க ஆரம்பித்தாள். அதற்கு மேல் அவள் பள்ளியைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம். நெருங்கிய உறவில் கட்டத் திருச்சபைச் சட்டம் தடை என்பதால் ஆயரிடம் விலக்கு வாங்க வேண்டியிருந்தது. பள்ளிக்கு அவ்வளவு கொடுத்த மனிதர் வீட்டுக் கல்யாணம் என்று சாமியாரே முன்னின்று எழுதி வாங்கிக் கொடுத்தார். மாமா மகன், இப்போது என் மச்சான், நல்லவன். லாரி ஓட்டினான், குடிக்கமாட்டான், எங்கே லோடு ஏற்றிப் போனாலும் அவளுக்கு ஏதாவது வாங்கி வருவான். அவள் வீட்டில் குறை என்று எதையும் நான் பார்த்ததில்லை. போனால் பலகை போட்டு, "வாங்கண்ணா, உக்காருங்க" என்பாள். வாண்ணா போண்ணா என்றவள்தான். கல்யாணமான பெண்கள் அண்ணனிடம் அப்படித்தான் பேசுவார்கள் என்று அம்மா சொல்வாள். இருக்கலாம். கடலைச்செடி விரிப்பு மாமா வீட்டில் ஒரு அலமாரியின் மேல் ரேடியோவுக்கு அடியில் கிடந்தது. பழுப்பேறி, ஒரு மூலையில் எலி கடித்து, பிறகு எங்கே போனதென்று தெரியவில்லை. மாமா இறந்தபோது நான் அதைத் தேடினேன். கிடைக்கவில்லை.

அறுபதுகளின் கடைசியில் அவளுடைய மகளை ஆறாம் வகுப்பில் அதே பள்ளியில் சேர்க்க முடிவாயிற்று. முடிவு செய்தவள் அவள். மச்சான் லாரியோடு வடக்கே போயிருந்ததால் பெட்டி தூக்க என்னை வரச் சொன்னாள். பதினைந்து வருஷம் போல ஆகியிருந்தது அவள் அந்த வாசலை மிதித்து. மதர் எப்போதோ இறந்துவிட்டிருந்தார். பள்ளி மாடி வைத்து வளர்ந்திருந்தது, எஸ்.எஸ்.எல்.சி. வரை மூன்று பிரிவு. அலுவலகத்தில் இருந்த இளம் சிஸ்டர் எங்களை விடுதிக்குக் கூட்டிப்போனார். வழியில் வாகை மரம். மகளின் கையை விட்டுவிட்டு அவள் மரத்துக்குப் பக்கத்து அறைக்கு நேராகப் போனாள்.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கூரைவரை விறகு அடுக்கியிருந்தார்கள். ஓரத்தில் கால் உடைந்த பெஞ்சுகள், கரி மூட்டைகள். அவள் வாசலிலேயே நின்றாள்.

"இங்க முன்ன ஒம்பதாவது இருந்துச்சுங்களா, சிஸ்டர்?"

"இங்கயா? இல்லீங்க. கட்டின நாள்லேருந்து இது விறகு ரூம்தான். ஒன்பதாவது எப்பவும் அந்தப் பக்கம், கோயிலை ஒட்டி. முதல் செட்டுலேருந்தே அங்கதான்னு சொல்லுவாங்க."

அவள் விறகைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

"வெறகு ரூம்புலயாண்ணா இத்தன வருசமா என்னைய உக்கார வெச்சிருந்தீங்க?" என்றாள்.

சிரித்தாள். மரத்தடியில் பொட்டலத்தைப் பிடுங்கியவளின் சிரிப்பு அது. அத்தனை வருஷத்தில் அதை நான் கேட்டிருக்கவில்லை. அதன் பிறகும் கேட்கவில்லை. இந்த வயதில் எனக்கு ஒன்று கேட்கக் கிடைக்குமென்றால் அதைத்தான் கேட்பேன்.

"ஆரும்மா உக்காந்திருந்தா?" என்றாள் சின்னவள்.

"ஆருமில்ல சாமி. நட."

கோயிலை ஒட்டிய வராந்தாவில் திரும்பினோம். ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு பிள்ளை கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். விடுதி இன்னும் தள்ளி இருக்கிறது என்று சிஸ்டர் சொன்னார். என் தங்கை தலையாட்டினாள், ஆனால் நகரவில்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கணக்கு முடிகிறதா என்று பார்க்கிற மாதிரி, மணி அடிக்கும்வரை அங்கேயே நின்றாள். நான் பெட்டியைக் கீழே வைக்காமல் அவளுக்குப் பின்னால் நின்றேன்.